முதலில் கம்ப்யூட்டர், பிறகு மணி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. கை கழுவப் போன இடத்தில் கிடைத்தது.

போன தை மாதம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் சுவர் ஓவியங்களைப் பார்க்கப் போயிருந்தேன். பார்த்து முடித்தபோது நல்ல பசி. அடுத்த தெருவில் தர்மசந்திரன் என்பவர் ஒரு சாப்பாட்டுக் கூடம் நடத்துகிறார் என்றார்கள். யாத்திரை வருகிற சமணக் குடும்பங்களுக்காக அவர் கட்டியது. என்னைப் போலச் சுவரைப் பார்க்க வந்தவர்களையும் உட்காரவைத்துச் சோறு போடுகிறார். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. ஆனால் அந்தப் பூசணிக்காய்க் கூட்டை நான் இரண்டு முறை கேட்டு வாங்கினேன்.

கை கழுவும் தொட்டிக்கு மேலே இரண்டு சுவிட்சுகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே ஒட்டியிருந்த தாளில் இப்படி எழுதியிருந்தது:

முதலில் கம்ப்யூட்டர். இருபது எண்ணவும். பிறகு மணி. – ஜான்சன்.

அதற்கும் கீழே வேறு கையெழுத்தில்:

இனி தேவையில்லை. ஆனாலும் எண்ணவும். – அஞ்சனா.

எழுதுகிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஈரக் கையோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

2

ஆரம்பம் மட்டும் அமையவில்லை. மூன்று எழுதினேன். மூன்றையும் காட்டிவிடுகிறேன், எனக்கு ஒளிவுமறைவு பழக்கமில்லை.

முதல் ஆரம்பம்: "காஞ்சிபுரத்தின் அந்தி வானம் அரக்கு நிறத்தில் சரிகைக் கரையோடு

(நிறுத்திவிட்டேன். காஞ்சிபுரம் என்றாலே வானத்துக்கும் சேலை கட்டிவிடுவது எங்களுக்கு ஒரு தொழில் வியாதி.)

இரண்டாவது ஆரம்பம்: "பேரலல் போர்ட் என்பது கணினியின் பின்புறத்தில் அமைந்துள்ள, இருபத்தைந்து துளைகள் கொண்ட

(இது எட்டாம் வகுப்புப் பாடம். நீங்கள் ஓடிவிடுவீர்கள்.)

மூன்றாவது ஆரம்பம்: "தர்மசந்திரன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தார்."

இது நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் உட்கார்ந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் கதையின் சிக்கலே. அதை இவ்வளவு சீக்கிரம் அவிழ்க்க முடியாது. அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். நாம் அந்த இருபத்தைந்து துளைகளுக்கே போவோம், ஓடிவிடாதீர்கள்.

3

பழைய கம்ப்யூட்டர்களின் முதுகில் அகலமாக ஒரு வாய் இருக்கும். பிரிண்டர் கம்பி செருகுகிற இடம். அதன் இருபத்தைந்து துளைகளில் எட்டுத் துளைகள் கம்ப்யூட்டர் வெளியே பேசுவதற்காக. பேச்சு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் மின்சாரம் இருக்கும், அல்லது இருக்காது. அவ்வளவுதான்.

ஜான்சன் பிள்ளையார்பாளையத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர், வயது நாற்பத்தைந்து. அதற்கு முன் பதினோரு வருடம் அட்டை குத்தும் ஆபீஸ் ஒன்றில் ஆபரேட்டர். சேலைக் கரையில் மயில் வர வேண்டுமானால் தறிக்கு மேலே தொங்குகிற அட்டைகளில் சரியான இடங்களில் துளை இருக்க வேண்டும். அந்தத் துளைகளைக் குத்துகிற இயந்திரத்தில் எட்டு ஊசிகள். எட்டு ஊசிகளும் கம்ப்யூட்டரின் அந்த எட்டுத் துளைகளுக்குக் கட்டுப்பட்டவை. ஆபீஸ் மூடியபோது கம்ப்யூட்டரை ஜான்சனே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அந்த வாயி பிரிண்டருக்குன்னு பொறந்துதுன்னு எல்லாரும் நினைச்சிக்கினு இருக்காங்க மேடம்," என்றார் என்னிடம். "என்கிட்ட இருந்தப்ப ஒரு நாளும் பிரிண்ட் அடிச்சதில்ல. மயிலுதான் அடிச்சுது."

அஞ்சனா தர்மசந்திரனின் மகள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறாள், வயது இருபத்தெட்டு. ஒவ்வொரு நாளும் சூரியன் மறைவதற்கு இருபது நிமிடம் முன்னால் கூடத்தில் மணி தானாக அடிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அஸ்தமனத்தைக் கணக்கிடுவது நிரலுக்குச் சுலபம். மணியைத் தொடுவதுதான் கஷ்டம். தன் லேப்டாப்பில் பிரிண்டருக்கான யுஎஸ்பி கம்பி ஒன்றைச் செருகிப் பார்த்தாள். அது பிரிண்டரோடு மட்டுமே பேசுமாம், மணியைக் கண்டால் வாயைத் திறக்காதாம். அப்போதுதான் ஜான்சன் பரணிலிருந்து மயில் கம்ப்யூட்டரை இறக்கினார்.

அதிலும் ஒரு சங்கதி உண்டு. சாதாரண நிரல் ஒன்று நேராகப் போய் அந்தத் துளைகளைத் தொட்டுவிட முடியாது. அவை 378 என்ற முகவரியில் குடியிருக்கின்றன. அந்த முகவரியைத் தொட, கம்ப்யூட்டரை உள்ளிருந்து நிர்வகிக்கிற லினக்ஸிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

"எங்க வீட்லயும் அப்பாகிட்ட கேக்காம யாரும் எதையும் தொட முடியாது மேடம். அதனால அந்த வரி எனக்கு ஈஸியா வந்துச்சு," என்றாள் அஞ்சனா.

அனுமதி கிடைத்ததும் ஒன்று என்று எழுதினால் முதல் துளையில் மின்சாரம் வரும். அது ரிலே என்கிற குட்டி சுவிட்சைத் தட்டும். ரிலே மணியை அடிக்கும். பூஜ்யம் என்று எழுதினால் மணி நிற்கும். மயில் அடித்த எட்டு பேரில் ஒருவருக்கு மணி அடிக்கிற வேலை கிடைத்தது. மீதி ஏழு பேர் சும்மா.

4

இந்த இடத்தில் பிரவீனா என்று ஒரு பாத்திரம் இருந்தாள். அஞ்சனாவின் தோழி, பெங்களூரில் வேலை. வீடியோ காலில் வந்து, "இந்தக் காலத்துல பேரலல் போர்ட்டா? உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணு வாங்கினா முடிஞ்சுது," என்று சிரிப்பாள். உங்கள் மனத்தில் ஓடுகிற கேள்வியை உங்களுக்காகக் கேட்கவே அவளைப் படைத்தேன்.

அந்தப் பத்தியைப் போனில் வாசித்துக் காட்டியபோது ஜான்சன் கேட்டார்: "யாரு மேடம் இந்தப் பொண்ணு?"

"கற்பனை."

"அனுப்பிடுங்க. போர்டு வாங்கலாம்னு எங்களுக்கே தெரியாதா? கையில ஒண்ணு நல்லா ஓடிக்கினு இருக்கறப்ப இன்னொண்ண இன்னாத்துக்கு வாங்கணும்?"

அனுப்பிவிட்டேன். (பிரவீனா, கோபித்துக்கொள்ளாதே. முடிவு கிடைக்காமல் தடுமாறினால் கூப்பிடுகிறேன்.)

5

மணி அடிப்பது அங்கே விளையாட்டில்லை. இருட்டிய பிறகு சாப்பிடக் கூடாது என்பது அந்தக் குடும்பங்களின் வழக்கம். அதைத் தர்மசந்திரன் தன் கூடத்தில் ஒரு சட்டமாகவே ஆக்கிவிட்டார். முன்பெல்லாம் ஆளாளுக்குக் கைப்பேசியைப் பார்த்து, இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது, ஆறு நிமிடம் இருக்கிறது என்று பேரம் பேசுவார்களாம். மணி வந்த அன்றே அவர் கூடத்தின் நடுவில் நின்று சொன்னார்:

"நேரம் நாப்பது பேருகிட்ட நாப்பது விதமா இருக்குது. மணி ஒண்ணுதான். அடிச்சா எழுந்துக்கணும். நானா இருந்தாலும் சரி."

கடைசி மூன்று சொற்களை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவை இல்லாவிட்டால் எனக்குக் கதை இல்லை.

ஆவணி மாதம் பத்து நாள் தசலட்சண விரதம் வந்தது. தர்மசந்திரன் அந்தப் பத்து நாளும் ஒரு வேளை மட்டும் உண்ணும் விரதம் எடுத்துக்கொண்டார். நாளுக்கு ஒரே முறை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உட்கார்ந்த மணையிலிருந்து இடுப்பு எழுந்துவிட்டால் அன்றைய சாப்பாடு அதோடு முடிந்தது. அரை வயிறோ கால் வயிறோ, மறுநாள்தான் மீண்டும் சோறு.

அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. மாத்திரை போட்டால் கட்டாயம் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மயக்கம் போட்டு விழுவார், அதற்கு மேலும் ஆகலாம் என்று டாக்டர் அஞ்சனாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதனால் பத்து நாளும் அப்பா சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து அஞ்சனாவே மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

[வாசகருக்கு ஒரு குறிப்பு: மூன்றாவது ஆரம்பத்தில் மணையில் உட்காரவைத்த மனிதர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். மறக்கவில்லை. இதோ வந்துவிட்டோம்.]

6

ஒன்பதாம் நாள். பிற்பகல் மூன்று மணிக்குத் தெரு முழுவதும் மின்சாரம் போனது. கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி உண்டு, அது நாலு மணி வரை தாங்கிவிட்டு ஓய்ந்தது. அஞ்சனா ஜான்சனுக்குப் போன் செய்தாள். அவர் டிவிஎஸ்ஸில் வந்து பார்த்தார்.

"கரண்டு வந்தா தானா எழுந்துக்கும்மா. நீ போய் உன் வேலையப் பாரு."

அவளுக்கு மாடியில் ஒரு மீட்டிங். கைப்பேசி இணைப்பில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

யாத்திரைப் பேருந்து வந்தவாசிப் பக்கத்திலிருந்து தாமதமாக வந்தது, நாற்பது பேர். விருந்தாளிகளுக்குப் பரிமாறாமல் தர்மசந்திரன் உட்கார மாட்டார். எல்லோருக்கும் இலை போட்டு, சோறு வைத்து, பருப்பு ஊற்றிய பிறகுதான் தன் மணையை எடுத்துப் போட்டார். அஞ்சனா ஓடி வந்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு மறுபடி மாடிக்கு ஓடினாள். அப்போது ஐந்து இருபது. அன்றைய மணி ஐந்து ஐம்பத்திரண்டுக்கு. நேரம் தாராளமாக இருந்தது.

ஜான்சன் இரண்டு சுவிட்சுகளையும் அணைத்து வைக்கலாம் என்று எழுந்தார். அந்த நேரம் பார்த்துப் பரிமாறுகிற செல்லியம்மாள் அவருக்கு ஒரு டம்ளர் டீ நீட்டினார். டீயோடு வாசற்படியில் உட்கார்ந்தார்.

அந்த டீயின் விலை என்ன என்பதைப் புரிந்துகொள்ள நீங்கள் அட்டை ஆபீஸுக்கு ஒரு நிமிடம் வர வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்கு விழித்தெழும்போது ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த நிரலும் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே, யாரும் சொல்லாமல், எட்டுத் துளைகளிலும் மின்சாரத்தை ஏற்றிவிடும். ஊசி இயந்திரம் அப்போது இணைந்திருந்தால் எட்டு ஊசிகளும் ஒரேயடியாக இறங்கி அட்டையைப் பாழாக்கும். அதனால் அங்கே யாரும் இரண்டையும் சேர்த்துப் போட மாட்டார்கள். முதலில் கம்ப்யூட்டர், இருபது எண்ணு, பிறகு ஊசி. பதினோரு வருடம் ஜான்சனின் கை இதைத்தான் செய்தது. மணியைப் பொருத்திச் சோதித்த நாட்களிலும் அதே கைதான் சுவிட்சைப் போட்டது. அதனால் எந்தச் சோதனையிலும் தப்பு வரவில்லை.

அஞ்சனாவிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை. மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வா என்று யாரும் எழுதிவைப்பதில்லையே.

மின்சார வாரியத்துக்கு இருபது எண்ணத் தெரியாது. ஐந்து இருபத்தாறுக்குக் கரண்டு வந்தது, இரண்டுக்கும் ஒன்றாக. கம்ப்யூட்டர் விழித்தது, எட்டுத் துளைகளும் எழுந்தன, மணி அலறியது.

7

மாடியில் அஞ்சனா கேட்டாள். திரையின் மூலையைப் பார்த்தாள், 5:26. தான் எழுதிய கணக்கில் தப்பா என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் மாத்திரை ஞாபகம் வந்தது. காதில் மாட்டிய ஹெட்செட்டோடு படியில் பாய்ந்தாள்.

"எழுந்துக்காதீங்க! யாரும் எழுந்துக்காதீங்க! பொய் மணி! அப்பா, எழுந்துடாதீங்கப்பா!"

(அந்த மீட்டிங்கில் இருந்த பதினோரு பேரும் சென்னையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்களாம். மேனேஜர் மட்டும், "அஞ்சனா, இஸ் எவ்ரிதிங் ஓகே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.)

ஜான்சன் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி சுவிட்சை அணைத்தார். மணி நின்றது. ஆனால் நாற்பது பேர் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கவலையில்லை, அந்த விரதம் இல்லாதவர்கள். சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்துகொள்ளலாம்.

தர்மசந்திரனின் இலையில் சோறு அப்படியே இருந்தது. அவருக்குப் பரிமாறி, அவர் வேண்டுதல் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது, ஒரு பிடிகூட எடுக்கவில்லை. மாத்திரை வயிற்றுக்குள் போய் ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

அவர் எழுந்தாரா?

எழுந்திருந்தால், மறுநாள் வரை பச்சைத் தண்ணீர்தான், மாத்திரை தன் வேலையைச் செய்யும். எழாமல் இருந்திருந்தால், எல்லோர் முன்னாலும் நானா இருந்தாலும் சரி என்று சொன்ன மனிதர் மணியைக் கேட்டும் உட்கார்ந்திருந்தார் என்று ஆகும். எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால், ஒன்பது நாள் விரதம் அங்கேயே உடைந்தது.

8

எனக்குத் தெரிந்த முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. அவர் எழுந்துவிடுகிறார். கை கழுவிவிட்டு அறைக்குள் போய்ப் படுக்கிறார். விரல்கள் நடுங்க ஆரம்பிக்கின்றன, நெற்றி வியர்க்கிறது, அஞ்சனா சர்க்கரைக் கரைசலோடு பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்ச, அவர் வாயை

(கை வரவில்லை. எனக்கு இரண்டாம் முறை கூட்டு போட்ட மனிதரை நான் எப்படி இப்படிப் படுக்க வைப்பேன்?)

முடிவு இரண்டு. அவர் மலையாக உட்கார்ந்திருக்கிறார். நாற்பது பேரையும் நிமிர்ந்து பார்த்து, "மகளே, மணி மனிதன் செய்தது. சூரியன்

(போனில் வாசித்துக் காட்டினேன். ஜான்சன் அடக்க முடியாமல் சிரித்தார். அவருக்குத் தர்மசந்திரன் எப்போதும் நயினார்தான். "நயினாரு இப்படியா பேசுவாரு? பசிச்சா 'குழம்பு'ன்னு ஒரே வார்த்தைதான் மேடம்.")

முடிவு மூன்று. பிரவீனா பெங்களூரிலிருந்து கூப்பிட்டு

(வேண்டாம். மன்னித்துவிடு பிரவீனா.)

9

வேறு வழியில்லாமல் மாசி மாதம் மறுபடி போனேன், நேரில் கேட்டுவிடலாம் என்று.

ஜான்சன் சொன்னார்: "நான் சுவிட்சு கிட்ட இருந்தேன் மேடம். அவர் பக்கம் திரும்பிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. அவருக்கு எதாவது ஆயிருந்தா அந்த டீய நான் ஆயுசுக்கும் குடிச்சிருக்க மாட்டேன்." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அந்தத் தாளை எழுதி ஒட்டியது அன்று மாலையே என்றார்.

செல்லியம்மாள் சொன்னார்: "கைய ஊனினாரும்மா, அத பாத்தேன். இடுப்பு எழுந்துதா இன்னான்னு யாரு கண்டா? நாப்பது பேரு ஒரே நேரத்துல எழுந்தா நான் பருப்பு பக்கெட்ட பாப்பனா, அவரு இடுப்ப பாப்பனா?"

பிறகு அவர் சாப்பிட்டாரா என்று செல்லியம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். எழுதுகிறவர்களின் திருட்டுத்தனம் உங்களுக்குப் புதிதல்ல.

தர்மசந்திரன் சாக்பீஸால் அன்றைய காய்களின் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்களே எழுதிக்கோங்கம்மா," என்றார் திரும்பாமல். "உக்காந்தேன்னு நான் சொன்னா பெருமையா ஆயிடும். எழுந்தேன்னு சொன்னா புலம்பலா ஆயிடும். ரெண்டும் எனக்கு வேணாம். பூசணிக்காயி இல்ல இன்னைக்கு, அவரைக்காய்தான். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். அந்த மனிதரை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்துப் போனது.

இலை போட்டு உட்காரவைத்தார்கள். அஞ்சனா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்றைக்குப் பிறகு தான் செய்த மாற்றத்தை என் குறிப்பேட்டில் வரைந்து காட்டினாள். இப்போது மணிக்கு ஒரு கம்பி இல்லை, இரண்டு. முதல் கம்பியில் மின்சாரம் இருந்து, இரண்டாவதில் இல்லாமல் இருந்தால் மட்டுமே மணி அடிக்கும். கம்ப்யூட்டர் விழிக்கும்போது எட்டும் ஒன்றாக எழுகின்றன அல்லவா, அப்போது இரண்டு கம்பிகளும் எழுந்து நிற்கும், மணி வாயைத் திறக்காது. ஒன்று எழுந்து ஒன்று உட்கார வேண்டும். அப்படிச் செய்ய நிரலுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஜான்சன் அண்ணா ஒயரிங் பண்ணாரு, ப்ரோக்ராம்ல ஒரு நம்பர்கூட மாத்தல. அவ்ளோதான்."

"இந்த யோசனை எப்படி வந்தது?"

"யோசனையே இல்ல மேடம். அன்னைக்கு இந்த வாசல்ல வந்து நின்னப்ப பாத்ததுதான். உள்ள நாப்பது பேரு நின்னுக்கினு இருந்தாங்க. ஒருத்தர் மட்டும்

"பேசினது போதும்மா, மணி ஆவுது, சாப்பிடட்டும்," என்று தர்மசந்திரன் குழம்பு வாளியோடு வந்துவிட்டார். அஞ்சனா அப்பாவைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

குழம்பு ஊற்றினார். பாதி சாப்பிட்டிருப்பேன், மணி அடித்தது. இது சரியான மணி, எல்லோரும் எழுந்தார்கள். என் இலையில் அவரைக்காய் மீதி இருந்தது. நானும் எழுந்துகொண்டேன்.

10

அஞ்சனாவின் வாக்கியம் மேலே பாதியில் நிற்கிறது. நான் முடிக்கப் போவதில்லை. முடித்தால் அது அவர் வேண்டாம் என்ற பெருமையாகவோ புலம்பலாகவோ ஆகிவிடும். நீங்கள் முடியுங்கள். அவசரமில்லை, இருபது எண்ணிவிட்டுத் தொடங்கலாம்.

ஒன்றே ஒன்று. ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, அவர் மாத்திரை போட்டிருக்கிறார்.